கடற்கரைக்கு முன் கடிகாரம்

கொண்டாப்பூரில் ஓர் இரானி டீக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்குத் திண்டுக்கல் பக்கம். ஆறு வருடமாக ஐதராபாத்தில் கோடு எழுதுகிறான். உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டான்:

“அண்ணா, ஒரு மூணு நாலு மாசம் வெளிநாட்டுல உட்கார்ந்து வேலை பாக்கலாம்னு இருக்கேன். பாலி போலாமா, பாங்காக் போலாமா?”

“உன் கிளையன்ட் எங்க இருக்கான்?”

“நியூஜெர்சி. அதுக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?”

இந்த அத்தியாயம் முழுக்க அந்தச் சம்பந்தம்தான்.

மூன்று கடிகாரங்கள்

வெளிநாட்டில் இருந்தபடி வேலை பார்ப்பது பற்றி யூடியூபில் கொட்டிக் கிடக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டவை. அவர்களுக்குப் பார்க்க வேண்டிய கடிகாரம் இரண்டு: ஊரில் ஒன்று, கையில் ஒன்று. ஐதராபாத் ஐ.டி. ஊழியருக்கு மூன்று. கிளையன்ட் அமெரிக்காவில், டீம் மாதாப்பூரிலோ நானக்ராம்கூடாவிலோ, நீங்கள் மூன்றாவதாக ஓர் ஊரில். கச்சிபௌலியில் உட்கார்ந்து நியூஜெர்சிக்கு வேலை செய்யும்போதே நீங்கள் தூரத்திலிருந்து வேலை செய்பவர்தான். இப்போது இன்னொரு தூரத்தையும் அதில் சேர்க்கப் போகிறீர்கள்.

தம்பியின் கணக்கைக் காகிதத்தில் போட்டோம். நியூஜெர்சியில் காலை 9 மணி என்றால் அங்கே கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு மார்ச் வரை 7.30. நான்கு மணி நேரம் அவர்களோடு சேர்ந்து வேலை என்றால் ஐதராபாத்தில் கோடையில் 10.30க்கு முடியும், ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 9க்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும். குளிர்காலத்தில் 2 மணி. பாங்காக்கில் ஒரு மணி நேரம் குறைவு, அவ்வளவுதான். காலையில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று கனவு கண்டவன், இரவு 2 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் பகல் பதினொன்றுக்கு எழுந்திருப்பான்.

கலிஃபோர்னியா கிளையன்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். அவர்களுடைய காலை 9 பாலியில் நள்ளிரவு 12, குளிர்காலத்தில் 1. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம் முழுக்க சியாங் மாயில் இருந்தேன், கிளையன்ட் கலிஃபோர்னியாவில். இரவு 11க்குத் தொடங்கும் கால். பகலில் வெளியே போகலாம் என்றால் புகை. வட தாய்லாந்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் பருவம். ஊருக்கு மேற்கே டோய் சுதெப் என்று ஒரு மலை இருக்கிறது. நல்ல நாளில் ஊர் நடுவிலிருந்து அதன்மேல் இருக்கும் கோயில் தெரியுமாம். இருந்த நாள்வரை எனக்கு மலையே தெரியவில்லை.

இப்போது மேற்கே திரும்புங்கள். துபாயும் மொரிஷியஸும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நியூஜெர்சியின் காலை 9 அங்கே மாலை 5 அல்லது 6. ஐதராபாத் டீமின் காலை 10.30 ஸ்டேண்ட்-அப் அங்கே 9 மணி. இரண்டு பக்கமும் கை எட்டும். இன்னும் மேற்கே லிஸ்பன் போனால் நியூஜெர்சிக்காரன் மதியம் 2 மணிக்கே கிடைப்பான், பிரமாதம். ஆனால் அதே 10.30 ஸ்டேண்ட்-அப்புக்கு விடியற்காலை 6 மணிக்கு, குளிர்காலத்தில் 5 மணிக்கு, தலை சீவி கேமரா முன் உட்கார வேண்டும். டீமோடு தினமும் பேச வேண்டியவர்களுக்கு போர்ச்சுகல் அதனாலேயே சரிப்படாது. தனியாக ஒப்பந்தம் போட்டு வேலை செய்பவர்களுக்கு அருமையான இடம்.

ஆஸ்திரேலியாவுக்கு வேலை செய்பவர்களுக்கு எல்லாமே தலைகீழ். சிட்னியில் காலை 9 என்றால் நமக்கு விடியற்காலை 4.30, சில மாதங்களில் 3.30. அதே நேரம் கோலாலம்பூரில் 7 அல்லது 6. மதியம் மூன்றுக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவுக்கு உழைப்பவர் மேற்கே போகட்டும், ஆஸ்திரேலியாவுக்கு உழைப்பவர் கிழக்கே போகட்டும். லண்டன் கிளையன்ட் உள்ளவர்கள் எந்தப் பக்கமும் கொஞ்சம் போகலாம். ஆனால் கோடையில் அங்கே மாலை 5.30க்கு ஒரு மீட்டிங் வைத்தால் கோலாலம்பூரில் நள்ளிரவு தாண்டி 12.30 என்பதை மறக்க வேண்டாம்.

எந்தக் கடிகாரத்தையும் தொட விரும்பாதவருக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2006 ஏப்ரலிலிருந்து கொழும்பு நேரமும் நம் நேரமும் ஒன்று.

சில்குருக்குப் போகும் முன்

ஐதராபாத்தில் விசா என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது உஸ்மான்சாகர் ஏரிக்கரையில் உள்ள சில்குரு பாலாஜி. வேண்டிக்கொண்டு 11 சுற்று, கிடைத்த பிறகு 108 சுற்று. உண்டியல் வைக்காத கோயில் என்பது எனக்குப் பிடித்த விஷயம். போய்விட்டு வாருங்கள். ஆனால் அதற்கு முன் ஹெச்.ஆரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

‘எங்கிருந்தும் வேலை செய்யலாம்’ என்று கம்பெனி சொன்னால் அதற்குப் பெரும்பாலும் ‘இந்தியாவில் எங்கிருந்தும்’ என்று பொருள். கிளையன்டோடு போட்ட ஒப்பந்தத்தில் இன்ன ஊர், இன்ன கட்டடம், இன்ன மாடியிலிருந்துதான் தரவைத் தொடலாம் என்றுகூட எழுதியிருக்கும். வங்கி, மருத்துவம், இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்ட்களில் இது சகஜம். வெளிநாட்டு ஐ.பி.யிலிருந்து லாகின் செய்த நிமிஷம் கணக்கு பூட்டிக்கொள்ளும், மேனேஜருக்கு மெயில் போகும். வி.பி.என். போட்டு மறைக்கலாம் என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. வேலை போகும்போது அவர்கள் கூட வர மாட்டார்கள்.

கம்பெனிகள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊழியர் ஒரு நாட்டில் நெடுநாள் உட்கார்ந்து வேலை செய்தால், கம்பெனிக்கே அங்கே ஒரு கிளை இருப்பதாக எடுத்துக்கொண்டு அந்த நாட்டு வரித்துறை கேள்வி கேட்கலாம். ஆகவே ‘போகலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘முடியாது’ என்றுதான் பதில் வரும். ‘இன்ன நாடு, இத்தனை நாள், அந்த நாட்டின் ரிமோட் வேலை விசாவில், சம்பளம் இங்கேயே, கம்பெனி லேப்டாப்பில் மட்டும்’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். யோசிக்க அவர்களுக்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். அனுமதி மெயிலாக வந்தால் போதாது. லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள். விசா விண்ணப்பத்தோடு சேர்க்க எப்படியும் அதுதான் தேவை.

வாசல்படியின் உயரம்

2020 கோடையில் பார்படோசும் எஸ்டோனியாவும் தொடங்கிவைத்த இந்த வகை விசாக்கள் இன்று பல நாடுகளில் உண்டு. சுற்றுலா அனுமதியில் போய் லேப்டாப்பைத் திறந்து உட்காருபவர்கள் ஏராளம் என்பது எல்லோருக்கும் தெரியும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் உள்ளே விடுகிறது, வியட்நாம் 90 நாள் இ-விசா தருகிறது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த அனுமதி சுற்றிப் பார்க்க. கம்பெனி லெட்டரில் நாட்டின் பெயர் இருக்கும்போது, கவுண்டரில் ‘டூரிஸ்ட்’ என்று சொல்லிவிட்டு நுழைவது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிற வேலை. நான் இந்தப் புத்தகத்தில் அதைச் சிபாரிசு செய்யப் போவதில்லை.

எல்லா ரிமோட் விசாவும் முதலில் கேட்பது வருமானம். நம் சம்பளத்தை டாலரில் மாற்றினால் எந்த வாசல்படி ஏற முடிகிறது என்று பார்ப்போம்.

பாலி மோகம் உள்ளவர்களுக்கு முதலில் கெட்ட செய்தி. இந்தோனேசியாவின் இ33ஜி விசா ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் கேட்கிறது. 50 லட்சம் ரூபாய்க்கு மேல். அதோடு ஒரு சின்னத் தகவல்: மார்ச் வாக்கில் வரும் ‘நியெபி’ என்ற மௌன நாளில் பாலித் தீவு முழுக்க அடங்கிவிடும். விமான நிலையம் 24 மணி நேரம் மூடியிருக்கும், மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள், தெருவில் யாரும் நடமாடக் கூடாது. அழகான வழக்கம். அன்றைக்கு ரிலீஸ் வைத்துக்கொள்ளாதீர்கள்.

துபாயின் ஓராண்டு ரிமோட் விசா 2020இல் வந்தபோது மாதம் 5,000 டாலர் கேட்டது. பிறகு 3,500 ஆகக் குறைத்தார்கள். மாதம் சுமார் 3 லட்சம் ரூபாய். சீனியர்களுக்கு எட்டும். ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாடகையும் ஜூலை வெயிலும் மட்டும் கணக்கில் இருக்கட்டும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் இன்னொன்று: அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. ஆபீஸ் மீட்டிங்குக்கான ஜூம், டீம்ஸ் வேலை செய்கின்றன. கிளம்புமுன் அம்மாவுக்கு அதில் ஒன்றைப் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

தாய்லாந்து 2024 ஜூலையில் டி.டி.வி. என்று ஒரு விசா கொண்டுவந்தது (நம்மூர் அரசியல்வாதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள். கட்டணம் 10,000 பாட். மாத வருமானத்துக்குத் தனி வரம்பு வைக்காமல், வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பைக் காட்டச் சொல்கிறார்கள். நம் பணத்தில் 13, 14 லட்சம். சம்பளம் குறைவாக இருந்து சேமிப்பு உள்ளவருக்கு இதுதான் வழி. தாய்லாந்துக்கு வெளியே இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். இந்தியப் பெயர்கள் நீளமானவை, இனிஷியல் வேறு. பாஸ்போர்ட்டிலும் வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் கம்பெனி லெட்டரிலும் ஒரே மாதிரி எழுத்து இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கும்.

மலேசியாவின் ‘டி.இ. ராந்தாவ்’ பாஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. ஐ.டி. வேலை என்றால் ஆண்டுக்கு 24,000 டாலர். 20 லட்சம் ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை தருவார்கள், இன்னொரு வருடம் நீட்டலாம், மனைவி மக்களையும் அழைத்துப் போகலாம். எனக்கு பினாங்கின் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஜார்ஜ் டவுனில் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றி இரண்டு தெரு நடந்தால் இட்லி, வாழையிலைச் சாப்பாடு, தமிழில் விலை பேசும் பூக்கடை. தைப்பூசத்துக்கு மாநிலமே விடுமுறை. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் குடும்பத்துக்கு ஊர் மாறியதே உறைக்காது. அமெரிக்க கிளையன்ட் இல்லாதவர் யாராவது என்னைக் கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பினாங்குதான்.

மொரிஷியஸ் யாருடைய பட்டியலிலும் இருக்காது. தேனிலவு ஊர் என்றே நமக்குப் பழக்கம். 2020இலிருந்து ‘பிரீமியம் விசா’ என்று ஒன்று தருகிறார்கள். ஒரு வருடம், கட்டணம் கிடையாது, மாத வருமானம் 1,500 டாலர். நான் பார்த்த படிகளில் இதுதான் தாழ்வானது. ஐதராபாத்திலிருந்து மும்பை சுற்றிப் போக வேண்டும், டிக்கெட் விலை கூடுதல், ஊர் சீக்கிரம் தூங்கிவிடும்.

ஐரோப்பாவைப் பற்றி ஒரே வரி: போர்ச்சுகலின் டி8 விசா அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு கேட்கிறது, 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ.

தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிக்கணக்கு

நான்கு மாதம் போய்வருபவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்ட வேண்டும். வருடக்கணக்கில் போகிறவர்கள்தான் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். குறிப்பாக, துபாயில் வருமான வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று எண்ணுபவர்கள். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரி கட்டும் பொறுப்பு இல்லாத இந்தியக் குடிமகனை இங்கே குடியிருப்பவராகவே கருதும் விதி 2020-21 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. அந்தப் பக்கம் தாய்லாந்தில் ஒரு ஆண்டில் 180 நாள் தங்கினால் அங்கே வரிக்குரியவர் ஆவீர்கள். வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு 2024 முதல் கேள்வி உண்டு. 170ஆவது நாள் கிளம்பிவிடுவது எளிய வைத்தியம்.

பணத்தோடு இன்னொன்று. வங்கி ஓ.டி.பி. எல்லாம் இந்திய நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங் போட்டு, ரீசார்ஜ் தீராமல் உயிரோடு வைத்திருங்கள். என் நண்பர் ஒருவர் சிம் செத்துப்போய், ஐதராபாத் வீட்டு வாடகை அனுப்ப முடியாமல், வீட்டுக்காரரிடம் தெலுங்கில் பத்து நாள் மன்னிப்புக் கேட்டார்.

மாதாப்பூரில் ஒத்திகை

1998இல் சைபர் டவர்ஸ் திறந்தபோது மாதாப்பூர் பெரும்பாலும் பாறையும் புதரும். இன்று அந்தக் கட்டடத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கோவொர்க்கிங் பலகை தென்படும். வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும் முன் இங்கே இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள் என்பது என் பிடிவாதமான ஆலோசனை. போகப்போகும் ஊரின் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, அந்த நேரப்படி எழுந்து, அந்த நேரப்படி சாப்பிட்டு, தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். வீட்டு நாற்காலி, இரண்டாவது மானிட்டர் எதுவும் வேண்டாம்; பையில் கொண்டுபோகப் போவது மட்டும்.

இரண்டு வாரத்தில் நிறையத் தெரியவரும். உங்கள் நாளில் எத்தனை மணி நேரம் வாய்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது என்பதை எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், கதவடைத்துப் பேசும் சிறு அறை இல்லாத இடம் எந்த நாட்டிலும் உங்களுக்கு ஆகாது. படங்களில் காட்டும் திறந்த மூங்கில் கூரையும் நெல்வயலும் கிளையன்டுக்குத் தவளைச் சத்தத்தோடு கேட்கும்.

முன்பதிவுக்கு எழுதும்போது முதல் கேள்வியாக மூடும் நேரத்தைக் கேளுங்கள். ஒரு நாள் பாஸ் பல இடங்களில் மாலை 6 மணியோடு சரி. அமெரிக்கா விழிக்கிற நேரத்தில் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். 24 மணி நேரம் திறந்திருக்கும் என்று போட்டிருந்தாலும் அது மாதச் சந்தா கட்டியவருக்கு மட்டும்தானா, இரவில் ஏ.சி. ஓடுமா, அந்த நேரத்தில் வீடு திரும்ப வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். நெட் வேகத்தில் எல்லோரும் டவுன்லோடைச் சொல்வார்கள், நமக்கு அப்லோடும் வேண்டும். வேலை நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னால் நல்ல இடங்கள் அனுப்பிவிடும்.

தங்கும் வீட்டை முதல் வாரத்திலேயே மாதக்கணக்கில் பிடிக்காதீர்கள். ஒரு வாரம் ஹோட்டல், அப்புறம் கோவொர்க்கிங்கிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை. தாய்லாந்தில் மாத வாடகை மலிவாகத் தெரியும். கரண்ட் பில் தனி, வீட்டுக்காரர் வைத்ததுதான் யூனிட் ரேட். இந்திய பிளக் துபாயிலும் மலேசியாவிலும் நுழையாது, அங்கே பிரிட்டிஷ் சதுரக் கால். அடாப்டரை இங்கேயே கோட்டியில் வாங்கிப் போனால் விமான நிலையத்தில் காசு அழ வேண்டாம். ஊரில் எடுத்த மெடிக்கிளெய்ம் பெரும்பாலும் எல்லை தாண்டாது, பயண இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள்.

தம்பி ஒத்திகை பார்த்தான். முதலில் பாலி நேரம் வைத்துத் தொடங்கினான். நான்காம் நாள் இரவு ஒரு மணிக்கு ‘அண்ணா, இது ஆகாது’ என்று செய்தி வந்தது. அவன் சம்பளம் 19 லட்சம். மலேசியாவின் படி கொஞ்சம் உயரம், துபாய் எட்டாது, சேமிப்பு அக்கா கல்யாணத்தில் போய்விட்டது. கடைசியில் ஜூன் மாதம் மொரிஷியஸ் போனான். மாலை 5 மணிக்கு நியூஜெர்சி, 9 மணிக்குச் சாப்பாடு. போன வாரம் 25 ரூபாய் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்; அதில் தமிழிலும் எழுதியிருக்கிறதாம், கடைக்காரரிடம் படித்துக் காட்டினானாம்.

“மத்ததெல்லாம் ஓகேண்ணா. சேர்தான் முதுகைக் கொல்லுது. ஒரு குஷன் வாங்கினேன், அதைப் புக்குல சேர்த்துடுங்க.”

சேர்த்துவிட்டேன்.